பார்சல் கடை பிரைட் ரைஸும் சில்லி சிக்கனும் வீட்டு அடுப்பில்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பொள்ளாச்சியில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகள் பார்சல் கேட்கிறார்கள். வீட்டில் செய்தால் சாதம் குழைகிறது, கோபி மஞ்சூரியன் பத்து நிமிடத்தில் நமத்துப் போகிறது, பாட்டில் சாஸை ஊற்றினால் கறுப்பும் கசப்பும்தான் மிச்சம். சாஸ் முதற்கொண்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய முடியுமா, அஜினோமோட்டோ இல்லாமல் அந்த ருசி வருமா, வீட்டில் இருக்கிற மட்டை அரிசியும் தேங்காய் எண்ணெயும் இதற்கு ஆகுமா என்பது அவர் கேள்வி.

முடியும். நன்றாகவே முடியும். பொள்ளாச்சி எல்லைக் கோபாலபுரம் பக்கம் மாலைநேரக் கடைகளில் பல வருடம் சட்டி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான், தண்ணீர். சாதத்துக்குள் இருக்கும் தண்ணீர், கழுவிய கோழியின் மேல் நிற்கும் தண்ணீர், கோஸும் குடைமிளகாயும் சூட்டில் விடும் தண்ணீர். கடை மாஸ்டர் அந்தத் தண்ணீரைச் சட்டிக்கு வருமுன்பே பாதி விரட்டிவிடுகிறார், மீதியைத் தீயில் விரட்டுகிறார். சாஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் அரிசி. மட்டை நல்ல அரிசி. பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, மீன் குழம்புக்கு அதைவிடப் பொருத்தமான சாதம் எனக்குத் தெரியாது. ஆனால் அது நெல்லாகவே புழுங்கிக் காய்ந்த அரிசி. பருக்கை தடிமன், மேலே சிவப்புத் தவிடு வேறு. குழையாது, அதே சமயம் உப்பும் மிளகும் உள்ளே இறங்கவும் இறங்காது, அதன் சொந்த மணம் பூண்டு மணத்தோடு மல்லுக்கு நிற்கும். பாசுமதி வாங்குங்கள். நீளப் பருக்கையாக, பழைய அரிசியாக இருந்தால் போதும், விலை உயர்ந்த ரகம் தேவையில்லை. பாசுமதி வேண்டாம் என்றால் வயநாட்டு ஜீரகசாலையோ நம் பக்கத்துச் சீரகச் சம்பாவோ எடுக்கலாம், ஆனால் சின்னப் பருக்கை என்பதால் வேகும் நேரத்தில் கண் அகலக் கூடாது.

இருபது நிமிடம் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, அரிசியைப் போட்டு, கஞ்சி வடிக்கிற பழைய முறையிலேயே வடித்துவிடுங்கள். குக்கர் வேண்டாம். ஒரு பருக்கையைக் கடித்தால் நடுவில் ஊசிமுனை அளவு கடினம் தட்டுப்பட வேண்டும், அதுதான் வடிக்கிற பதம். வடித்ததும் அகலத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னலைத் திறந்தாலே போதும், நம் கிழக்குப் பகுதிக்கு அது இயற்கை கொடுத்த விசிறி.

ஆறிய சாதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு வைக்க வேண்டும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகிப் படிகமாகிறது, மேல்பரப்பும் காய்கிறது. அதனால்தான் நேற்றைய சாதம் சட்டியில் தனித்தனியாகத் துள்ளுகிறது. இன்றைக்கே வேண்டுமானால் பரப்பிய சாதத்தை மூடாமல் ஒரு மணி நேரம் பெட்டிக்குள் வையுங்கள், ஓரளவு சமாளிக்கலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர மாட்டேன். சாதத்தை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் காலையில் பிரைட் ரைஸ் செய்யும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. வெதுவெதுப்பான சாதத்தில் அவை முளைத்துப் பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. 1970களில் பிரிட்டனின் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்குத் தொடர்ந்து வாந்தி வந்ததை ஆராய்ந்தபோதுதான் இது தெளிவாகத் தெரிய வந்தது. சித்திரை மாதத்தில் நம் ஊர் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது, அந்தக் கிருமிக்கு அதைவிட வசதி வேறில்லை. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் சாதம் பெட்டிக்குள் போய்விட வேண்டும், மறுநாளே தீர்ந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிய பழையசோறு வேறு விஷயம். அங்கே புளிப்பு ஏறுகிறது. பிரைட் ரைஸுக்கு வைக்கும் சாதத்தில் அந்தக் காவல் கிடையாது.

அடுத்தது சட்டியும் தீயும். கடை அடுப்புக்கும் வீட்டு அடுப்புக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் இரண்டு மூன்று கிலோவாட் வெப்பம் தரும். சீன உணவகங்களில் வோக் என்ற குழிந்த இரும்புச் சட்டிக்கான அடுப்பு இருபது முப்பது கிலோவாட் வரை போகும். தென்சீனாவின் கான்டன் பக்கத்துச் சமையல்காரர்கள் வோக் ஹேய் என்று ஒரு மணத்தைச் சொல்வார்கள். காய்ந்த இரும்பில் எண்ணெய்த் துளிகள் தீப்பற்றி, சாதத்தின் மேல் லேசாகப் புகை ஏறுகிற மணம் அது. அதை முழுசாக வீட்டில் கொண்டுவர முடியாது. முக்கால் பங்கு கொண்டுவரலாம், அதற்கு ஒரே வழி அளவைக் குறைப்பது. ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கான சாதம், அதாவது வெந்த சாதம் இரண்டு கப், அதற்கு மேல் போடாதீர்கள். ஆறு பேருக்கு என்றால் மூன்று முறை வறுங்கள். மொத்தத்தையும் ஒரே சட்டியில் கொட்டினால் சூடு இறங்கும், காய் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரில் சாதம் மறுபடி வேகும். அப்போது கிளறுவதற்குப் பெயர் வறுப்பு ஆகாது, உப்புமாதான் கிடைக்கும்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். இங்கே பாத்திரக்கடைகளில் சீனச்சட்டி என்று கேட்டால் கொடுப்பார்கள். புதுச் சட்டியைக் கழுவி, இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி வைத்து, அப்புறம் தேய்த்து, காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசிப் புகையவிட வேண்டும். இப்படிச் சில தடவை செய்தால் எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாகிவிடும், சாதம் ஒட்டாது. நான்ஸ்டிக் தவாவில் இந்தச் சமையல் வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பிக்கும், நமக்கு வேண்டிய தீயில் காலிச் சட்டி அந்தச் சூட்டைச் சீக்கிரமே தொட்டுவிடும்.

தேங்காய் எண்ணெய் கேட்டீர்கள். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பிக்கும், அதன் வாசனையும் தட்டில் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரீஃபைன்டு கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ 230 டிகிரி வரை தாங்கும், வாசனையும் இராது. அதையே எடுங்கள்.

இப்போது வறுக்கும் வரிசை. எல்லாம் வெட்டி, அளந்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுவில் பூண்டு உரிக்கப் போனால் கதை முடிந்தது. பீன்ஸும் கேரட்டும் தீக்குச்சித் தடிமன், கோஸ் நீளமாக, எல்லாம் கழுவித் துணியில் ஒற்றியது. சட்டி லேசாகப் புகையட்டும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுழற்றுங்கள். முட்டை இரண்டை உடைத்து ஊற்றி, பொங்கியதும் கிளறித் தனியே எடுத்துவிடுங்கள். கொஞ்சம் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய பூண்டு, பத்து வினாடி. பூண்டு பொன்னிறம் தாண்டினால் முழுச் சட்டியும் கசக்கும். பீன்ஸ், கேரட் ஒரு நிமிடம். கோஸ் அரை நிமிடம். சாதத்தைக் கையாலேயே உதிர்த்துப் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்திப் பரப்பி, பதினைந்து வினாடி சும்மா விடுங்கள். அடியில் சூடு பிடிக்க அந்த இடைவெளி வேண்டும். அப்புறம் புரட்டுங்கள், மறுபடி பரப்புங்கள். உப்பு, வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன், முட்டை. சோயா சாஸ் ஒரு டீஸ்பூன் போதும், அதைச் சாதத்தின் தலையில் ஊற்றாமல் சட்டியின் சூடான ஓரத்தில் விடுங்கள். சுரீரென்று பொங்கி, தண்ணீர் ஆவியாகி, மணம் மட்டும் இறங்கும். கடைசியில் வெங்காயத்தாள், நான்கு சொட்டு வினிகர், அடுப்பை அணைத்துவிடுங்கள். மொத்தம் நான்கைந்து நிமிடம்தான் ஆகும்.

சாஸ் பக்கம் வருவோம். எல்லாவற்றையும் வீட்டில் செய்ய ஆசைப்படுகிறீர்கள், பாராட்டுகிறேன், ஆனால் சோயா சாஸை மட்டும் வாங்கிவிடுங்கள். சோயாவும் கோதுமையும் சேர்த்து, அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பது அது. வீட்டுச் சமையலறைக்கு ஆகிற காரியமில்லை. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நொதிக்க வைத்தது என்று இருந்தால் எடுங்கள். நீர்ப்பகுத்த தாவரப் புரதம், கேரமல் நிறம் என்று ஆரம்பித்தால் அது அமிலத்தில் உடைத்த புரதத்துக்கு நிறமேற்றியது. உங்கள் கசப்பும் கறுப்பும் பெரும்பாலும் அந்தப் பாட்டிலிலிருந்துதான் வந்திருக்கும்.

வினிகரில் நமக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. கடைகளில் கிடைக்கிற வெள்ளை வினிகர் பெரும்பாலும் செயற்கை, அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் நான்கு சதவீதமாகக் கலந்தது. புளிப்பு மட்டும் இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. நம் சிற்றூர் வட்டமோ கேரளம் முழுக்கக் கள் அனுப்புகிற தென்னந்தோப்பு நாடு. தென்னங்கள்ளிலிருந்து எடுத்த வினிகரைச் சொருக்கை என்று கேட்டு வாங்கலாம். புளிப்புக்குக் கீழே ஒரு மெல்லிய இனிப்பும் பழவாசமும் இருக்கும். சீனத்து அரிசி வினிகருக்கு மாற்று தேடினால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

சிவப்பு மிளகாய் சாஸ் வீட்டில் செய்தால் பாட்டில் பக்கமே போக மாட்டீர்கள். நிறத்துக்குப் பிரியன் மிளகாய் பதினைந்து, காரத்துக்குக் குண்டூர் மிளகாய் ஐந்து. காம்பும் விதையும் நீக்கி, கொதிநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டு பன்னிரண்டு பல், இரண்டு அங்குல இஞ்சி, நிதானமான தீயில் பச்சை வாசம் போகும்வரை. அரைத்த விழுதைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் மிளகாயின் பச்சைக் கசப்பு தங்கிவிடும். அப்புறம் சொருக்கை மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். இதுவே கடைக்காரர்கள் செஷ்வான் என்று விற்பது. புளிப்பைக் குறைக்காதீர்கள். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டில் ஆபத்தான நஞ்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு, அதற்குத் தடை வினிகரும் குளிர்ச்சியும்தான். கண்ணாடிப் பாட்டிலில், குளிர்சாதனப் பெட்டியில், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சமையலுக்கும் இதற்கும் தூரம் அதிகம். அங்கே உள்ள ருசியின் அடித்தளம், மிளகாயோடு சேர்த்துப் புளிக்கவைத்த அவரைவிழுதும், நாக்கை மரத்துப்போக வைக்கிற சிச்சுவான் மிளகும். அந்த மிளகின் நெருங்கிய உறவு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே முள்மரமாக நிற்கிறது. கொங்கணிகள் அதன் காயைத் திர்பால் என்று சொல்லி மீன் குழம்பில் போடுகிறார்கள். எங்கேயாவது கிடைத்தால் விதையைத் தள்ளிவிட்டு, தோலை மட்டும் வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகை மேலே தூவிப் பாருங்கள்.

ஆக, நாம் பார்சல் வாங்குவது சீனாவின் சாப்பாடு என்பதைவிட, இந்தியாவில் குடியேறிய சீனர்கள் நமக்காகச் சமைத்த சாப்பாடு என்பதே சரி. கொல்கத்தாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சீனர்கள் இருந்தார்கள். டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்கா குடும்பங்கள் பின்னாளில் உணவகங்கள் நடத்தினார்கள். ஹக்கா நூடுல்ஸ் என்ற பெயர் அந்த மக்களுடையது. சிக்கன் மஞ்சூரியனுக்கு மஞ்சூரியாவோடு சம்பந்தமே இல்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக ஏதாவது கொடு என்று கேட்டவருக்காக இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் தாளித்து, மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துச் செய்தது அது. அமெரிக்காவிலும் இதே மாதிரிதான். அங்கே எல்லோரும் பார்சல் வாங்குகிற ஜெனரல் சோ சிக்கனை உருவாக்கியவர் ஹூனானில் பிறந்து தைவானுக்குப் போன பெங் சாங் குவெய், அதுவும் 1950களில். நியூயார்க் போனபிறகுதான் அது இனிப்பானது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அசல் முறை என்ன என்று தேடித் தவிக்க வேண்டாம். இந்தச் சமையல் ஆரம்பத்திலிருந்தே அந்தந்த ஊர்ச் சந்தையில் கிடைத்ததை வைத்து வளர்ந்தது. உங்களுக்கு ஒட்டன்சத்திரம் கோஸும் சிற்றூர் சொருக்கையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சில்லி சிக்கனுக்குத் தொடைக்கறி எலும்பில்லாமல் 300 கிராம் எடுங்கள். மார்புக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். கழுவியதும் நன்றாகப் பிழிந்து துணியில் ஒற்றுங்கள். சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், மிளகுத்தூள், இஞ்சிப்பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், பாதி முட்டை வெள்ளை, சோளமாவு இரண்டு மேசைக்கரண்டி, மைதா ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் ஊற்றவே கூடாது, மாவு கறியின் மேல் போர்வையாகப் படிந்தால் போதும். சீனர்களும் வறுக்குமுன் முட்டை வெள்ளையும் மாவும் பூசித்தான் கறியைப் பூப்போல வைத்துக்கொள்கிறார்கள். சோளமாவு தீர்ந்துவிட்டதா, மரச்சீனிக் கிழங்கு மாவு போடுங்கள், மொறுமொறுப்பு அதில் கொஞ்சம் கூடவே இருக்கும்.

பொரிப்பது இரண்டு தடவை. முதல் தடவை 170 டிகிரியை ஒட்டி, மரக்கரண்டிக் காம்பை எண்ணெயில் வைத்தால் சுற்றிலும் நிதானமாகக் குமிழ் வரும் சூடு. நான்கு நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும். எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் உள்ளே உள்ள ஈரம் மேலோட்டுக்கு வந்துவிடும். இரண்டாவது தடவை எண்ணெயை இன்னும் சூடாக்கி முக்கால் நிமிடம் போட்டால் அந்த ஈரமும் பறந்து, ஓடு இறுகிவிடும். கடையில் மாலை நான்கு மணிக்கே ஒருமுறை பொரித்து வைத்து, ஆர்டர் வந்ததும் மறுபடி போடுவது அவசரத்துக்காக மட்டுமில்லை, மொறுமொறுப்புக்காகவும்தான்.

பீஃப் சாப்பிடும் வீடாக இருந்தால், கறியை அரை மணி நேரம் உறையவைத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டுங்கள். 300 கிராமுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடாவைத் தடவி இருபது நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவிப் பிழிந்துவிடுங்கள். காரத்தன்மை ஏறிய கறியின் புரதம் சூட்டில் இறுகிப் பிடிக்காது. போத்து, அதாவது எருமை இறைச்சிகூட இதில் மிருதுவாகிவிடும். கழுவாமல் விட்டால் சோப்பு ருசி வரும்.

கோபி நமத்துப் போவதற்கு இரண்டு காரணம். பூவை வெந்நீரில் போட்டு எடுத்துச் சரியாகக் காயவைக்காதது ஒன்று, சாஸில் முன்கூட்டியே போட்டு வைப்பது இன்னொன்று. உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் போதும். வடித்துத் துணியில் பரப்பி அரை மணி நேரம் விசிறிக்கடியில் விடுங்கள். அரை கப் மைதா, கால் கப் சோளமாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கோழியைப் போலவே இரண்டு தடவை பொரியுங்கள். சிவப்பு நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் மட்டும்தான். கலர் பொடி வேண்டவே வேண்டாம். கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தது, கடைகளில் எடுத்த மாதிரிகளில் சாய நிறங்கள் கிடைத்த பிறகு. பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம்.

சாஸோடு சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. எண்ணெய், பொடிப் பூண்டு, இஞ்சி, கீறிய பச்சைமிளகாய், இதழாகப் பிரித்த வெங்காயம், சதுரமாக வெட்டிய குடைமிளகாய். காய் மொறுமொறுப்பு மாறக்கூடாது. வீட்டு மிளகாய் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சோயா ஒரு மேசைக்கரண்டி, சொருக்கை ஒரு டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன். டிரையாக வேண்டுமானால் இரண்டு கரண்டி தண்ணீர். கிரேவி வேண்டுமானால் முக்கால் கப் கோழி எலும்பு வேகவைத்த சாறு. கொதிக்கும்போது, ஒரு டீஸ்பூன் சோளமாவை இரண்டு கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். மாவுச்சத்து கொதியில்தான் முழுசாகத் தடிக்கும், அரைகுறையாக எடுத்தால் மாவு வாசம் அடிக்கும். கூவைப்பொடி, அதாவது ஆரோரூட் மாவு வீட்டில் இருந்தால் அதையும் போடலாம், கண்ணாடி மாதிரி மினுமினுப்பு வரும், ஆனால் ஊற்றிய பிறகு நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் இளகிவிடும். பொரித்ததைப் போட்டு இரண்டு புரட்டு, உடனே தட்டுக்கு. சாப்பிட உட்காருமுன் கலக்காதீர்கள்.

நூடுல்ஸையும் வீட்டிலேயே பிசைய நினைத்தால் 250 கிராம் மைதா, ஒரு முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர், அப்புறம் அப்பளக்காரம் அரை டீஸ்பூனுக்கும் குறைவாக. பப்படக்காரம் என்றால் இங்கே எந்த மளிகைக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். சீனர்கள் நூடுல்ஸ் மாவில் காரத்தண்ணீர் சேர்ப்பது எதற்கோ, அதே வேலையை இது செய்யும். மாவு லேசாக மஞ்சளாகி, இழுத்தால் அறுபடாத கடிப்பு வரும். காரத்தைத் தண்ணீரில் கரைத்துத்தான் சேர்க்க வேண்டும். கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, மாவு தூவி மடித்து வெட்டுங்கள். கொதிநீரில் ஒன்றரை நிமிடம். குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, எண்ணெய் பிசிறி ஆறவைத்த பிறகுதான் சட்டிக்குப் போக வேண்டும். கடை நூடுல்ஸ் பாக்கெட்டும் மோசமில்லை, முக்கால் பதத்தில் இறக்கிவிட்டால் சரி.

அஜினோமோட்டோ பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் 1908இல் கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். அதன் உப்பு அடுத்த வருடமே அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும் இருப்பது அதே குளூட்டமேட்தான். 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு கடிதம், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று சொன்னது. அதன் பிறகு பயம் ஊரெல்லாம் பரவியது. அப்புறம் நடந்த சோதனைகளில், சாப்பாட்டில் வழக்கமாகப் போடும் அளவுக்கு அப்படிப்பட்ட விளைவு உறுதியாகவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பாதுகாப்பானது என்றே வகைப்படுத்துகிறது. நம் நாட்டில் பாக்கெட்டில் அதைக் குறிப்பிட வேண்டும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. சாதாரண உப்பில் சோடியம் 39 சதவீதம், இதில் 12 சதவீதம். கெடுதல் எங்கே நடக்கிறது என்றால், பழைய கறியையும் ருசியில்லாத எண்ணெயையும் மறைக்க இதை அள்ளிக் கொட்டும் இடத்தில். இரண்டு பேருக்கான சாதத்துக்குக் கால் டீஸ்பூன் தாண்ட வேண்டியதில்லை.

சரி, அறவே வேண்டாம் என்கிறீர்கள். அப்படியே செய்யலாம். கருவாட்டுக் கடையில் உலர்ந்த பொடி இறால் வாங்கி, தலையும் காலும் நீக்கி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து வையுங்கள். பூண்டோடு அரை டீஸ்பூன் போட்டால் அந்த ருசி தானாக வரும். இதில் உப்பு இருக்கும், சாதத்துக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாமியார் சைவம் என்றால் உலர்ந்த காளானை அதே மாதிரி பொடியுங்கள். இரண்டும் இல்லாத நாளில், நன்றாகப் பழுத்த தக்காளியை வதக்கிக் கெட்டி விழுதாக்கி, சில்லி சிக்கன் கிரேவியில் தக்காளி சாஸுக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பிரைட் ரைஸில் மட்டும் தக்காளி வேண்டாம், அது கொண்டுவரும் தண்ணீரை அந்தச் சட்டி தாங்காது.